‘ஆமாம்’ சொல்லத் தெரியாமல் ஒன்பது மாதம்

(நமது குடியிருப்போர் நலச்சங்க ஆண்டு விழாவில் சி பிளாக் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



போன வாரம் தண்ணீர் மோட்டார் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தபோது செயலாளர் என்னிடம் வந்தார். “சார், நீங்க வெளிநாட்டுல தன்னார்வலரா இருந்தீங்களாமே, அதைப் பத்திப் பேசுங்க. ஆனா சிரிக்கிற மாதிரி இருக்கணும். போன தடவை சோலார் பேனல் பத்திப் பேசினப்ப பாதிப் பேர் தூங்கிட்டாங்க” என்றார். சோலார் பற்றிப் பேசியவர் முன் வரிசையிலேயே உட்கார்ந்திருக்கிறார். சார், நான் சொல்லவில்லை, செயலாளர்தான் சொன்னார்.

வெளிநாடு என்றதும் துபாய், சிங்கப்பூர் என்று நினைத்துவிடாதீர்கள். நான் போனது கம்போடியா. 1992 அக்டோபரில் போனேன், 1993 ஜூனில் திரும்பினேன். சம்பளம் கிடையாது, வாழ்க்கைச் செலவுக்கு ஒரு படி மட்டும் கொடுப்பார்கள். ‘அதுக்கு ஏண்டா அவ்வளவு தூரம்?’ என்று அம்மா கேட்டாள். அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை.

கொஞ்சம் பின்கதை சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் பிள்ளைகளுக்குப் புரியாது. 1975 முதல் 1979 தொடக்கம் வரை அந்த நாட்டைக் கெமர் ரூஜ் என்ற கூட்டம் ஆண்டது. தலைவன் பெயர் போல் போட். அந்த நான்கு வருடத்துக்குள் 15 முதல் 20 லட்சம் பேர் வரை பட்டினியாலும் நோயாலும் கொலையாலும் செத்துப்போனார்கள். படித்தவனாகத் தெரிந்தாலே ஆபத்து. மூக்குக்கண்ணாடி போட்டிருந்தால் சந்தேகம், பிரெஞ்சு பேசத் தெரிந்தால் சந்தேகம். அதற்குப் பிறகும் சண்டை ஓயவில்லை. 1991 அக்டோபரில் பாரிஸில் ஒப்பந்தம் போட்டு, தேர்தல் நடத்தும் பொறுப்பை ஐ.நா.விடம் கொடுத்தார்கள். ஜப்பான்காரர் யசுஷி அகாஷி தலைமையில் ஒரு பெரிய நிர்வாகமே வந்து இறங்கியது. மாவட்டத்துக்கு மாவட்டம் வாக்காளர் பதிவையும் வாக்குப்பதிவையும் பார்த்துக்கொள்ள, பல நாடுகளிலிருந்து 400-க்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள். அதில் நான் ஒருவன்.

என்னை எப்படி எடுத்தார்கள் என்றால், பிரெஞ்சு. காரைக்காலில் 1954 வரை பிரெஞ்சுக்காரன் ஆட்சி. என் தாத்தா சைகோனில் கணக்கு எழுதியவர். பள்ளிக்கூடத்தில் நானும் பிரெஞ்சு படித்தேன். கம்போடியாவும் பிரெஞ்சுக்காரன் ஆண்ட ஊர்தானே, அங்கே போய்ப் பொளந்து கட்டலாம் என்று நினைத்தேன். கட்டியது என்ன என்று பிறகு சொல்கிறேன்.

கம்போங் சாம் மாகாணத்தில், மெக்கோங் ஆற்றங்கரையில் ஒரு மாவட்டத்தைக் கொடுத்தார்கள். கால் நட்டுக் கட்டிய மரவீடு. நான் மேலே, வீட்டுக்காரம்மாவின் பன்றிகள் கீழே. அந்த அம்மாதான் எனக்குக் கெமர் மொழி வாத்தியார். அவர்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டுப் பத்து நாளில் ‘ஆமாம்’ சொல்லக் கற்றுக்கொண்டேன். ‘சா’. சுலபமாக இருந்தது. மாவட்ட அதிகாரிகளோடு முதல் கூட்டம். அவர்கள் எது கேட்டாலும் நிமிர்ந்து உட்கார்ந்து ‘சா’ என்றேன். பட்டாளத்து ஆள் ஒருவர் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். இருமுகிறார் என்று நினைத்துத் தண்ணீர் டம்ளரை நகர்த்தி வைத்தேன்.

விஷயம் என்னவென்றால், அந்த மொழியில் ‘ஆமாம்’ என்பதற்கு ஆண்களுக்கு ஒரு சொல், பெண்களுக்கு ஒரு சொல். பெண்கள் ‘சா’ என்பார்கள், ஆண்கள் ‘பாத்’ என்பார்கள். நான் மீசையோடு உட்கார்ந்துகொண்டு இரண்டு வாரம் ‘சா’ சொல்லியிருக்கிறேன். என் மொழிபெயர்ப்பாளர் இருபத்திரண்டு வயதுப் பையன், தாய்லாந்து எல்லை அகதி முகாமில் இங்கிலீஷ் படித்தவன். “ஏண்டா சொல்லவில்லை?” என்று கேட்டதற்கு, “நீங்கள் பெரியவர், நான் எப்படித் திருத்துவது?” என்றான். எனக்கு அப்போது வயது 28.

அடுத்தது சாப்பாடு. நாம் யாரையாவது பார்த்தால் ‘சாப்பிட்டாச்சா?’ என்று கேட்கிறோமே, அங்கேயும் அதேதான். ‘ஞாம் பாய்’ என்றால் சோறு சாப்பிடுவது. சாப்பிட்டீர்களா, இன்னும் இல்லையா என்று கேட்பார்கள். நம் ஊரில் பட்டினி கிடந்தாலும் ‘ஆச்சுங்க’ என்போம். இது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் பாடத்தில் ‘இன்னும் இல்லை’ என்ற சொல்லை அன்றைக்குத்தான் படித்திருந்தேன், அதைச் சொல்லிப் பார்க்க ஆசை. வாக்காளர் பதிவுக்கு வீடு வீடாகப் போன நாள். முதல் வீட்டில் ‘இன்னும் இல்லை’ என்றேன். உடனே பாய் விரித்து, சோறும் புளி போட்ட மீன் குழம்பும் வந்தன. இரண்டாவது வீட்டிலும் அதே கேள்வி, அதே பதில். பதினோரு மணிக்குள் நான்கு வீட்டில் சாப்பிட்டேன். அவர்கள் மீனை உப்புப் போட்டு நொதிக்க வைத்து ‘ப்ரஹோக்’ என்று ஒன்று செய்வார்கள். கூட வந்த ஐரோப்பியர்கள் அந்த வாடைக்கே தெருமுனையில் நின்றுவிடுவார்கள். கருவாட்டுக்குப் பழகிய நம் காரைக்கால் மூக்கு அதற்கெல்லாம் அசையவில்லை. வயிறுதான் அசைந்தது. அந்த நாலு வீட்டிலும் மதியத்துக்கு என்று வைத்திருந்த சோற்றைத்தான் எனக்குப் போட்டார்கள் என்பது சாயங்காலம் பையன் சொல்லித்தான் தெரிந்தது. அதைக் கேட்ட பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

2004 சுனாமிக்குப் பிறகு நம் கடற்கரைக்கும் வெளிநாட்டுத் தன்னார்வலர்கள் வந்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? அதில் ஒரு பிள்ளை, தமிழை மீனவச் சிறுவர்களிடம் கற்றுக்கொண்டு, ஊர்ப் பெரியவரைப் பார்த்து ‘வாடா, உக்காருடா’ என்றது. கூட்டமே விழுந்து விழுந்து சிரித்தது. எனக்கு மட்டும் அந்தப் பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லத் தோன்றியது. சொன்னேன்.

இனி தலை விவகாரம். இதை நான் வீட்டில்கூட அதிகம் சொன்னதில்லை.

1993 ஏப்ரல். தேர்தலுக்கு ஒரு மாதம்தான். கெமர் ரூஜ் தேர்தலைப் புறக்கணித்து, ஓட்டுப் போட வேண்டாம் என்று மிரட்டிக்கொண்டிருந்த நேரம். ஏப்ரல் 8-ஆம் தேதி பக்கத்து மாகாணமான கம்போங் தோமில் எங்களைப் போன்ற ஒரு தன்னார்வலரை, அட்சுஹிடோ நகாடா என்ற 25 வயது ஜப்பானியரை, அவருடைய கம்போடிய மொழிபெயர்ப்பாளரோடு சேர்த்துச் சுட்டுக் கொன்றார்கள். எங்களில் சிலர் ஊர் திரும்பினார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நானும் பெட்டியை ஒரு தடவை கட்டிப் பிரித்தேன்.

அதற்கு அடுத்த வாரம் புத்தர் கோயில் மண்டபத்தில் கூட்டம். ஓட்டு எப்படிப் போடுவது என்று விளக்க வேண்டும். ஜனங்களுக்கு ஒரே பயம்தான்: யாருக்குப் போட்டோம் என்று வெளியே தெரிந்துவிடுமா? வானத்திலிருந்து பார்க்கிற இயந்திரம் இருக்கிறது என்றெல்லாம் வதந்தி. ஒரு அம்மா எழுந்து கேட்டார். பையன் எனக்குச் சொன்னான்: “ஓட்டு ரகசியம்தானா என்று கேட்கிறார்.” நான் வாயைத் திறக்கும் முன்பே என் தலை பதில் சொல்லிவிட்டது. நம் தலை இருக்கிறதே! ஆமாம் ஆமாம், கவலைப்படாதீங்க என்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது. இப்போதுகூடப் பாருங்கள், மூன்றாவது வரிசையில் நான்கு பேர் அப்படித்தான் ஆட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

அங்கே அப்படி ஆட்டினால் ‘இல்லை’.

மண்டபம் அமைதியாகிவிட்டது. பின்னால் இருந்தவர்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்கள். ஐ.நா. அதிகாரியே ரகசியம் இல்லை என்று சொல்லிவிட்டானே! எனக்கு ஒன்றும் புரியவில்லை. இரண்டு வாரம் ‘சா’வைத் திருத்தாத அந்தப் பையன், என் தோளைப் பிடித்து உலுக்கினான். “உங்கள் தலை இல்லை என்று சொல்கிறது!” அப்புறம் அவனே கூட்டத்தின் நடுவில் போய் நின்று, கெமரில் ஏதோ கத்தினான். இந்த ஆளின் நாட்டில் ஆமாம் என்பதை இப்படித்தான் சொல்வார்கள் என்று என்னை மாதிரியே தலையை ஆட்டிக் காட்டினான். ஒரு குழந்தை சிரித்தது. பிறகு எல்லோரும் சிரித்தார்கள். என்னை மேலே ஏறி நின்று மறுபடி ஆட்டச் சொன்னார்கள். ஆட்டினேன். எழுந்து போனவர்கள் திரும்ப வந்து உட்கார்ந்தார்கள். எல்லோரும் வரவில்லை, கொஞ்சம் பேர் போனது போனதுதான்.

கடைசியாக என் பிரெஞ்சு. கோயிலுக்குப் பின்னால் ஒரு பெரியவர் வலை பின்னிக்கொண்டிருப்பார். அங்கே வயசானவர்களை ‘தா’ என்று கூப்பிடுவார்கள், நம் தாத்தாவில் பாதி. இந்த வயசுக்காரருக்குப் பிரெஞ்சு தெரிந்திருக்கும் என்று நினைத்து, போகும்போதெல்லாம் ‘போன்ஜூர் மொஸ்யூ’ என்பேன், நின்று தேர்தல் பற்றி நாலு வாக்கியம் பேசுவேன். அவர் வலையிலிருந்து கண்ணை எடுக்க மாட்டார். புரியவில்லை என்று கையை விரிப்பார். மாதக்கணக்கில் இப்படி. பிரெஞ்சு தெரிந்தவனை அந்த ஊரில் என்ன செய்தார்கள் என்று உங்களுக்கு ஆரம்பத்திலேயே சொன்னேன். புத்தகத்தில் படித்துவிட்டுத்தான் நானும் போயிருந்தேன். ஆனாலும் தெருவில் நின்று அவரிடம் உரக்கப் பேசிக்கொண்டிருந்தேன். இதைத் தவறு என்று சொல்வதா, முட்டாள்தனம் என்று சொல்வதா, தெரியவில்லை.

மே 23 முதல் 28 வரை வாக்குப்பதிவு. முதல் நாள் விடிவதற்கு முன்பே வரிசை. மழை வேறு. இருக்கிறதில் நல்ல துணியை உடுத்திக்கொண்டு வந்திருந்தார்கள். யாரும் வரமாட்டார்கள் என்று பயந்தோம், நாடு முழுவதும் பதிவு செய்த 47 லட்சம் பேரில் கிட்டத்தட்ட 90 சதவீதம் ஓட்டுப் போட்டார்கள்.

அந்த வரிசையில் வலை பின்னும் தாவும் இருந்தார். அன்றைக்குத்தான் அவரை மூக்குக்கண்ணாடியோடு பார்த்தேன். ஒரு பக்கக் கம்பிக்குப் பதில் நூல் கட்டியிருந்தது. சீட்டைப் பெட்டியில் போட்டார். வெளியே வந்தவர் என் பக்கத்தில் நின்றார். அவ்வளவு மாதமும் நான் பிரெஞ்சில் ஓட்டு என்ற சொல்லைப் பெண்பாலாக்கி ‘லா வோத்’ என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

“லு வோத், மொஸ்யூ,” என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி. “லா இல்லை. லு.”

நான் ‘பாத்’ என்றேன். அதையாவது சரியாகச் சொன்னேன்.

டீ ஆறுகிறது என்று செயலாளர் தலையை ஆட்டுகிறார். ஆமாம் என்கிறாரா, போதும் என்கிறாரா தெரியவில்லை.