துளையிடப்பட்ட படகும் நிமிர்த்தப்பட்ட சுவரும்

(திருத்தணியில் நிகழ்த்தப்பட்ட ஜும்ஆ உரையின் எழுத்து வடிவம்)

 

புகழ் அனைத்தும் அல்லாஹ்வுக்கே உரியது. அவனுடைய சாந்தியும் சமாதானமும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களுடைய குடும்பத்தார், தோழர்கள் மீதும் உண்டாவதாக!

சென்ற வாரம் அஸர் தொழுகைக்குப் பின் நம் ஜமாஅத்தைச் சேர்ந்த ஒரு சகோதரர் என்னிடம் வந்து அமர்ந்தார். விசைத்தறி ஓட்டிப் பிழைப்பவர். அவருடைய மகள் மருத்துவம் படிக்க வேண்டுமென்று இரண்டு ஆண்டுகள் இரவு பகலாக உழைத்தாள். மதிப்பெண் போதவில்லை, இடம் கிடைக்கவில்லை. அவர் கேட்டார்: "ஹஜ்ரத், ஐந்து வேளையும் தொழுதேன். தஹஜ்ஜுதிலும் அழுது கேட்டேன். அல்லாஹ் ஏன் தரவில்லை? கேட்டுத்தான் என்ன பயன் என்று தோன்றுகிறது."

உடனே ஒரு பதிலைச் சொல்லி அவரை அனுப்பிவிட எனக்கு மனம் வரவில்லை. "வெள்ளிக்கிழமை வரை அவகாசம் கொடுங்கள்" என்றேன். அவருடைய அனுமதியோடுதான் இதைச் சொல்கிறேன். ஏனெனில் அந்தக் கேள்வி அவருடையது மட்டுமன்று. தறி நின்றுபோனவர், கடை நொடித்தவர், மகளின் நிக்காஹ் பேச்சு முறிந்தவர், மருத்துவமனையிலிருந்து வெறுங்கையோடு திரும்பியவர் என்று நம்மில் பலர் இதே கேள்வியை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டே ஸஃப்பில் நிற்கிறோம்.

திரும்பிச் சென்ற பயணம்

திட்டம் நிறைவேறாமற்போவது ஈமானின் குறையால்தான் என்று எண்ணுபவர்கள் ஹுதைபிய்யாவை நினைத்துப் பார்க்க வேண்டும். ஹிஜ்ரி 6ஆம் ஆண்டு. புனித ஆலயத்தில் நுழைவதாக நபி (ஸல்) அவர்கள் கனவு கண்டார்கள். ஏறத்தாழ 1,400 தோழர்கள் இஹ்ராம் அணிந்து, பலிப் பிராணிகளோடு மதீனாவிலிருந்து புறப்பட்டார்கள். மக்காவை நெருங்கிய வேளையில் குறைஷியர் தடுத்தனர். இவ்வாண்டு திரும்பிச் செல்ல வேண்டும், அடுத்த ஆண்டு வரலாம் என்பது உடன்படிக்கையின் நிபந்தனை.

உமர் (ரலி) போன்ற உறுதிமிக்கவரே நிலைகுலைந்து கேள்வி கேட்டார்கள். தலைமுடி களைந்து பலியிட்டுத் திரும்புங்கள் என்று நபி (ஸல்) அவர்கள் கூறியபோது, துயரத்தால் ஒருவரும் எழவில்லை. அப்போது அன்னை உம்மு ஸலமா (ரலி) அவர்கள்தாம், "நீங்கள் முதலில் செய்யுங்கள், அவர்கள் பின்பற்றுவார்கள்" என்ற கருத்தில் ஆலோசனை கூறினார்கள். அவ்வாறே நடந்தது. திரும்பும் வழியில் அல்ஃபத்ஹ் அத்தியாயம் இறங்கியது. தோல்வியாகத் தெரிந்ததை அல்லாஹ் வெற்றி என்று பெயரிட்டான். மறு ஆண்டு உம்ரா நிறைவேறியது. ஹிஜ்ரி 8இல் மக்காவே திறந்துகொண்டது.

கவனியுங்கள். நபியவர்களின் கனவு பொய்யாகவில்லை. தோழர்கள் எதிர்பார்த்த ஆண்டில் நிறைவேறவில்லை, அவ்வளவே. கலங்கியவர்களை அல்லாஹ் ஈமானிலிருந்து வெளியேற்றிவிடவுமில்லை. கலங்குவது மனித இயல்பு. கலங்கிய நிலையிலும் எழுந்து, அடுத்த கடமையைச் செய்வதே ஈமான்.

மூன்று நிகழ்ச்சிகள், மூன்று நிலைகள்

நாம் வெள்ளிதோறும் ஓதும் அல்கஹ்ஃப் அத்தியாயத்தில் மூஸா (அலை) அவர்களும் கிள்ரு (அலை) அவர்களும் சேர்ந்து சென்ற பயணம் வருகிறது. அதிலுள்ள மூன்று நிகழ்ச்சிகளும் நம் வாழ்வின் மூன்று நிலைகளைக் காட்டுவதாக நான் விளங்கிக்கொள்கிறேன்.

முதலாவது, படகு. ஏழைகளின் படகில் துளை விழுந்தது. நல்ல படகுகளையெல்லாம் பறித்துக்கொள்ளும் அரசன் ஒருவன் பின்னால் இருந்தான். பழுதான படகு தப்பியது. இது காரணம் பின்னாளில் புரிகின்ற இழப்பு.

இதற்கு நாமறிந்த சான்று ஏ.பி.ஜே. அப்துல் கலாம் அவர்கள். இராமேசுவரத்தில் படகோடு பிழைத்த குடும்பத்துப் பிள்ளை. விமானியாக வேண்டும் என்பது அவருடைய கனவு. டேராடூனில் விமானப்படைத் தேர்வுக்குச் சென்றார். 25 பேரில் ஒன்பதாவதாக வந்தார். எடுக்கப்பட்டவர்களோ எட்டுப் பேர். ஒரே ஓர் இடத்தில் கனவு உடைந்தது. ஆனால் அந்த முடிவே அவரை ஆராய்ச்சித் துறைக்கு இட்டுச் சென்றது. அங்கும் வழி சமமாக இல்லை. அவர் திட்ட இயக்குநராக இருந்த எஸ்.எல்.வி.-3 ஏவுகணை 1979 ஆகஸ்ட் 10 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பி, சில நிமிடங்களில் வங்கக் கடலில் விழுந்தது. நிறுவனத் தலைவர் சதீஷ் தவான் தாமே செய்தியாளர்முன் நின்று பொறுப்பேற்றார். 1980 ஜூலை 18 அன்று அதே வகை ஏவுகணை வெற்றி பெற்றபோது, பேசுமாறு கலாமை முன்னே அனுப்பினார். 2002இல் அந்த இராமேசுவரத்துப் பிள்ளை நாட்டின் குடியரசுத் தலைவர்.

நம் ஊரிலும் ஒரு சான்று உண்டு. 1888இல் இங்கே பிறந்த டாக்டர் எஸ். ராதாகிருஷ்ணன், தத்துவத்தை விரும்பித் தேர்ந்தெடுத்தவர் அல்லர். வறுமையில் படித்த அவருக்கு, படித்து முடித்த உறவினர் ஒருவரின் தத்துவப் பாடநூல்கள் விலையின்றிக் கிடைத்தன. அதனால் அப்பாடத்தை எடுத்தார். அந்தத் துறையே அவருக்கு உலகப் புகழைத் தந்தது. வறுமை என்ற துளை, வழியையே மாற்றிவிட்டது.

ஆனால், சகோதரர்களே! இத்துடன் உரையை முடித்துக்கொண்டால் நான் நேர்மையற்றவனாவேன். இழந்தவரெல்லாம் பின்னர் குடியரசுத் தலைவராவதில்லை. எட்டாவது இடத்தைத் தவறவிட்டு, அதன்பின் பெயர் தெரியாமலே வாழ்ந்து மறைந்தவர்கள் எத்தனையோ பேர். அவர்களுக்கு அல்லாஹ்வின் வேதத்தில் செய்தி இல்லையா?

காரணம் சொல்லப்படாத பெற்றோர்

இரண்டாவது நிகழ்ச்சி, அந்தச் சிறுவனுடையது. அவன் மரணத்தில் இருந்த நுட்பம் மூஸா (அலை) அவர்களுக்கு விளக்கப்பட்டது. அவனைப் பெற்றவர்களுக்கு விளக்கப்பட்டதாகக் குர்ஆனில் குறிப்பு இல்லை. அவ்விருவரும் ஈமான் கொண்டவர்கள் என்று மட்டும் அல்லாஹ் சான்று கூறுகிறான். அந்தத் தாய் மறுமை வரை காரணம் அறியாமலே இருந்திருக்கலாம். இது இவ்வுலகில் பதில் கிடைக்காத இழப்பு.

இத்தகைய வீட்டுக்குச் சென்று, "எல்லாம் நன்மைக்கே, அழாதீர்கள்" என்று சொல்லிவிட்டு வருவது எளிது. நபி (ஸல்) அவர்கள் அப்படிச் செய்யவில்லை. தம் மகன் இப்ராஹீம் மறைந்தபோது அவர்களின் கண்கள் கண்ணீர் வடித்தன. இறைவனுக்குப் பிடிக்காத சொல்லை மட்டும் அவர்கள் நா சொல்லவில்லை. ஸப்ர் என்பது கண்ணீர் வற்றிப்போவதன்று, நாவைக் காத்துக்கொள்வது.

என் கதை ஒன்றையும் சொல்லவேண்டும். மதரஸாவில் ஓதி முடித்த புதிதில், வளைகுடா நாட்டில் வேலை வாங்கித் தருவதாகச் சொன்ன ஒரு முகவரிடம் பணம் கட்டினேன். மனைவியின் நகைகளை அடகு வைத்த பணம். விசா வரவில்லை, முகவரும் திரும்ப வரவில்லை, நகைகள் ஏலத்தில் போயின. "நீங்கள் இங்கேயே இருந்து பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கவே அல்லாஹ் தடுத்தான்" என்று நண்பர்கள் சொல்வார்கள். இருக்கலாம். ஆனால் எனக்கு அது அறிவிக்கப்படவில்லை. அறிந்ததாக நான் சொல்லிக்கொள்ளவும் கூடாது. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அந்த நகைகளைப் பற்றி என் மனைவி இன்றுவரை ஒரு சொல்லும் சொன்னதில்லை. இழந்த பணத்தை எண்ணி எண்ணி மூன்று ஆண்டுகள் கசந்துகிடந்த நான், இந்தப் பெரும் நிஃமத் என் வீட்டுக்குள்ளேயே இருந்ததைக் காணவில்லை.

யாரோ நிமிர்த்திய சுவர்

இப்போது மூன்றாவது நிகழ்ச்சி. விழவிருந்த ஒரு சுவர் நிமிர்த்தப்பட்டது. அதனடியில் இரு அநாதைச் சிறுவர்களின் புதையல் இருந்தது. அவர்களின் தந்தை ஸாலிஹான மனிதர். யார் வந்தார், எப்போது நிமிர்த்தினார் என்பதை அந்தச் சிறுவர்கள் அறிந்ததாகத் தெரியவில்லை. இது நாம் அறியாமலே அனுபவிக்கும் அருள்.

இழப்புகளுக்குக் காரணம் கேட்கும் நாம், அருள்களுக்குக் காரணம் கேட்டிருக்கிறோமா? நம் ஊரையே பாருங்கள். 1953இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது திருத்தணி அந்தப் பக்கத்தில் இருந்தது. ம.பொ.சி. முதலியோர் நடத்திய எல்லைப் போராட்டத்தில் பலர் சிறை சென்றார்கள். படாஸ்கரின் பரிந்துரைக்குப் பின், 1960 ஏப்ரல் 1 அன்று இவ்வூர் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. இன்று இங்கே நம் பிள்ளைகள் தாய்மொழியில் படிப்பதற்காகச் சிறை சென்றவர்களில் ஒருவர் பெயரையாவது நாம் கேட்டுவைத்திருக்கிறோமா? மலையடிவாரத்தில் தமிழும் தெலுங்கும் உருதுவும் பேசுவோர் ஒரே கடைவீதியில் கொடுத்து வாங்கி வாழ்கிறோம். இந்த அமைதியும் யாரோ நிமிர்த்திவைத்த சுவர்தான்.

கலாம் சென்னையில் பொறியியல் படிப்பில் சேரக் கட்டணத்துக்குப் பணம் இல்லாதபோது, அவருடைய சகோதரி ஸொஹரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துப் பணம் தந்தார். அதுவும் ஒரு சுவர். அதை மறவாமல் தம் வாழ்க்கை வரலாற்றில் கலாம் எழுதிவைத்தார். மனிதருக்கு நன்றி செலுத்தாதவர் அல்லாஹ்வுக்கு நன்றி செலுத்தியவராகமாட்டார் என்பது நபிமொழியின் கருத்து. ஷுக்ர் வானத்தை நோக்கி மட்டுமன்று. வீட்டுக்குள்ளும் செலுத்தப்பட வேண்டிய கடன்.

இனி நாம் செய்யவேண்டியவை

முதலில் அந்தச் சகோதரருக்கு. கேட்ட துஆ வீணாகவில்லை. பாவத்தையும் உறவு முறிவையும் நாடாத எந்த துஆவும் மூன்றில் ஒன்றைப் பெறும் என்று நபி (ஸல்) அவர்கள் அறிவித்த செய்தி முஸ்னத் அஹ்மதில் உள்ளது: கேட்டதே கிடைக்கும், அல்லது மறுமைக்குச் சேமிக்கப்படும், அல்லது அதற்கு ஈடான ஒரு தீங்கு விலக்கப்படும். உங்களுக்குக் கிடைத்தது எதுவென்று எனக்குத் தெரியாது. எதுவும் கிடைக்கவில்லை என்பது மட்டும் உண்மையன்று.

இரண்டாவது, "அப்படிச் செய்திருந்தால்..." என்ற பேச்சை நிறுத்துங்கள். அந்தச் சொல் ஷைத்தானின் வேலைக்கு வாசலைத் திறக்கும் என்பது முஸ்லிமில் பதிவான நபிமொழியின் கருத்து. அதே நபிமொழி, பயனுள்ளதில் முனைந்து நில், சோர்ந்துவிடாதே என்றும் கற்பிக்கிறது. தக்தீரின் மீது பழியைப் போட்டுவிட்டுத் திண்ணையில் அமர்வது தவக்குல் ஆகாது. ஒட்டகத்தைக் கட்டிவைத்துவிட்டுத்தான் அல்லாஹ்வைச் சார்ந்திருக்க வேண்டும். மீண்டும் எழுதலாமா, வேறு படிப்பில் சேரலாமா என்று அறிந்தவர்களிடம் கலந்தாலோசியுங்கள். இஸ்திகாரா தொழுங்கள். முடிவெடுத்தபின் தயங்காதீர்கள்.

மூன்றாவது, உறங்குமுன் குடும்பத்தோடு அமர்ந்து, அன்று அல்லாஹ் தந்தவற்றுள் மூன்றைச் சொல்லுங்கள். அவற்றுள் ஒன்றேனும், யாரோ ஒரு மனிதரின் கையால் வந்ததாக இருக்கட்டும். மறுநாள் அவருக்கு நன்றி சொல்லிவிடுங்கள்.

நிறைவாக ஒன்று. சகோதரரே! இரண்டு ஆண்டுகள் உங்கள் மகள் விழித்திருந்து படித்தாள். உங்களைத் தலைகுனிய வைத்துவிட்டோம் என்று எண்ணி இப்போது அவள் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். தந்தையின் முகம் சுருங்கினால் அது அவளுக்கு இரண்டாவது தோல்வி. தொழுகை முடிந்ததும் நேரே வீட்டுக்குச் செல்லுங்கள். அவள் தலையில் கை வைத்து, "நீ உழைத்தாய் அம்மா, அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லுங்கள். உங்களுக்குத் தரப்பட்ட செல்வம் அந்தப் பிள்ளைதான். மருத்துவ இடம் அவளுக்காகக் கேட்டது.

யா அல்லாஹ்! எங்களுக்குப் புரிந்த சோதனைகளில் ஷுக்ரையும், புரியாத சோதனைகளில் ஸப்ரையும், நாங்கள் அறியாத அருள்களை அறியும் கண்களையும் தந்தருள்வாயாக! ஆமீன்.