எச்சதத்தன் கண்ணுக்கு மணல்



'கலையில் உண்மையும் தெய்வமும்' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். நோட்டீசில் பார்த்தபோதே கொஞ்சம் பயந்துவிட்டேன். இவ்வளவு பெரிய மூட்டையைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது? யோசித்துப் பார்த்ததில், இந்த மாவட்டத்தை விட்டு அதிகத் தூரம் போகவே வேண்டாம் என்று தெரிந்தது.

உங்கள் ரெட்டிபாளையம் சுண்ணாம்புக்கல் பூமி. சுரங்கத்தில் வேலை பார்த்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். வெட்டி எடுத்த கல்லில் சிப்பி பதிந்திருப்பதைப் பார்க்காதவர் உண்டா? சுமார் ஏழு கோடி ஆண்டுகளுக்கு முன்பு இங்கே கடல் கிடந்தது. அந்தக் கல் லாரியில் ஏறினால் சிமெண்ட். நிலவியல் படிக்கிற பெண் கையில் எடுத்தால் ஒரு கடலின் கதை. கல் என்னவோ ஒன்றுதான்.

இதை மனதில் வைத்துக்கொண்டு கங்கைகொண்ட சோழபுரத்துக்கு வாருங்கள். ராஜேந்திர சோழன் கட்டிய கோயிலில், வடக்கு வாசல் படிக்கட்டை ஒட்டி, சண்டேச அனுக்கிரக மூர்த்தி இருக்கிறார். பக்கத்தில் பார்வதி உட்கார்ந்திருக்க, சிவன் குனிந்து, காலடியில் இருக்கும் பையனின் தலையில் பூமாலையைச் சுற்றிக்கொண்டிருக்கிறார். பையன் கைகூப்பித் தலை தாழ்த்தியிருக்கிறான். ராஜேந்திரனுக்குத்தான் சாமி முடிசூட்டுகிறார் என்று சொல்வாரும் உண்டு. இருக்கட்டும். எனக்கு அந்த மாடு மேய்த்த பையன்தான் முக்கியம்.

பெரியபுராணம் சொல்கிற கதை உங்களுக்குத் தெரியும். அந்தப் பையன், சேய்ஞலூர் விசாரசருமர், மண்ணியாற்றங்கரையில் மணலைக் கூட்டி லிங்கம் பிடித்தார். பசுக்கள் தாமாகச் சொரிந்த பாலை அதற்கு அபிஷேகம் செய்தார். ஊரார் புகார் சொன்னார்கள். அப்பா எச்சதத்தன் வந்து பால்குடத்தைக் காலால் உதைத்தார். பையன் பக்கத்தில் கிடந்த கோலை எடுத்தான். அது மழுவாக மாறி அப்பாவின் காலை வெட்டியது.

வெட்டியதை நான் நியாயப்படுத்த வரவில்லை. எத்தனை முறை கேட்டாலும் அந்த இடம் எனக்குத் தொண்டையில் நிற்கும். ஆனால் ஒன்று கேட்கிறேன். எச்சதத்தன் பொய் சொன்னாரா? மணல், மணல்தானே? ஊரார் பால் வீணாகப் போகிறது என்பதும் கணக்குப்படி சரிதானே? அவர் கண்ணில் பட்டது அத்தனையும் உண்மை. மகன் அந்த மணலுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது மட்டும் அவர் கண்ணில் படவில்லை. சோழர் காலத்துச் சிற்பி இதைப் புரிந்துகொண்டவன். கதையில் மழு இருக்கிறது, ரத்தம் இருக்கிறது. அவன் பெரிதாக எடுத்துச் செதுக்கியது, ஒரு தகப்பன் பிள்ளைக்குப் பூச்சூட்டுவது போன்ற அந்த ஒரு கணத்தை. காலை இழந்த தகப்பனுக்கு ஈடாக இன்னொரு தகப்பன்.

இப்போது இரண்டாவது இடம், ஸ்ரீபுரந்தான். அங்கே சோழர் காலத்துச் செப்புத்திருமேனியாக ஒரு நடராஜர் இருந்தார். சுவாமிமலை ஸ்தபதிகள் வேலை செய்வதைப் பார்த்திருக்கிறீர்களா? மெழுகில் உருவம் பிடித்து, காவிரி வண்டலைப் பூசிக் கரு கட்டி, சூடுகாட்டினால் மெழுகு உருகி ஓடிவிடும். அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். ஆறிய பிறகு கருவை உடைத்தால்தான் சாமி வெளியே வருவார். மெழுகும் இல்லை, கருவும் இல்லை. அதே திருமேனியை இன்னொரு முறை வார்க்க முடியாது. கடைசியில் கண் திறப்பார்கள். அதுவரைக்கும் உலோகம்.

அந்த நடராஜர் 2006 வாக்கில் திருட்டுப் போனார். 2008இல் ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் தேசிய கலைக்கூடம், நியூயார்க் வியாபாரி சுபாஷ் கபூரிடமிருந்து சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு அவரை வாங்கியது. எப்போதோ இந்தியாவை விட்டு முறையாக வெளியே போன சிலை என்று காட்டக் காகிதங்கள் இருந்தன. அத்தனையும் போலி. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் 1994இல் ஸ்ரீபுரந்தான் கோயிலிலேயே எடுத்து வைத்திருந்த ஒரு புகைப்படம் அந்தக் காகிதங்களை ஒன்றுமில்லாமல் ஆக்கியது. 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபாட் டெல்லியில் அவரைத் திருப்பி ஒப்படைத்தார்.

கதை இங்கே முடிந்தால் கைதட்டலாம். ஆனால் சாமி காணாமல் போனது நமக்கு எப்போது தெரிந்தது? 2008இல். கோயில் பூட்டிக் கிடந்தது. பாதுகாப்புக்காகச் சிலைகளை எடுத்துப் போக அதிகாரிகள் வந்து திறந்தபோதுதான் உள்ளே இல்லை என்பது தெரிந்தது. இரண்டு வருடம்! கான்பெராவில் டிக்கெட் எடுத்து உள்ளே வந்தவர், தெய்வம் என்று தெரியாமல் போனாலும், நின்று பார்த்திருப்பார். நாம் தெய்வம் என்று தெரிந்தும் பார்க்கவில்லை. எச்சதத்தனை நான் திட்டாததற்கு இதுதான் காரணம்.

பக்கத்து டெல்டாவில் பத்தூர் என்றொரு ஊர். அங்கே 1976இல் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த நடராஜர் லண்டன் வரை போய்விட்டார். லண்டனில் நடந்த வழக்கில் சிலைக்கு உரிமை கோரியவர்களுள் ஒருவர் சிவபெருமான். சிலையில் ஒட்டியிருந்த மண்ணும் கரையான் புற்றின் தடமும்கூட அங்கே சாட்சியமாக அலசப்பட்டன. தொல்லியல் அறிஞர் இரா. நாகசாமி போய்ச் சாட்சி சொன்னார். இடிந்து கிடந்த கோயிலும் தன் உடைமையைக் கேட்டு வழக்காடலாம் என்று 1991இல் லண்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. நம் சாமி எந்த ஊர்க்காரர் என்று கேட்டபோது, நம் ஊர் மண்ணும் சாட்சிக் கூண்டில் நின்றது.

ஸ்ரீபுரந்தான் நடராஜர் நேராகத் தன் கோயிலுக்குத் திரும்பிவிடவில்லை. கும்பகோணத்தில் அரசின் சிலைப் பாதுகாப்பு மையத்துக்குத்தான் போனார். பாதுகாப்பு வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் விளக்கு ஏற்ற ஆளில்லாத அறையில் அவரை நினைக்கும்போது, திருடனிடம் போன துக்கம் பாதிதான் தீர்ந்தது என்று படுகிறது.

பிள்ளைகளே, உங்கள் எல்லார் வீட்டிலும் கேமரா வைத்த போன் இருக்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை உங்கள் தெருக்கோயிலுக்குப் போங்கள். அனுமதி கேட்டு, சாமியை முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று படம் எடுங்கள். பீடத்தில் எழுத்து இருந்தால் கிட்டப் போய் அதையும் எடுங்கள். எடுத்துவிட்டு உடனே கிளம்பாமல் கொஞ்ச நேரம் அங்கேயே நில்லுங்கள். கூத்துக்காரர்கள் வேஷம் கட்டிக் காத்திருக்கிறார்கள். மைக்கை அவர்களிடம் கொடுத்துவிடுகிறேன்.