கையெழுத்திடும் பிள்ளைக்குக் காப்புறுதி
(இளைஞர் தொழில் வழிகாட்டி நாளில் ஆற்றிய உரை)



நம் பிள்ளைகள் சிலர் வெல்டிங் பரிசோதகர் தேர்வு எழுதி, பெங்கெராங், கெர்த்தே வட்டாரத்து எண்ணெய், எரிவாயு ஆலைகளுக்கு வேலைக்குப் போகிறார்கள். நகையை அடகு வைத்துக்கூடத் தேர்வுக் கட்டணம் கட்டும் பெற்றோரை நான் அறிவேன். சான்றிதழ் கைக்கு வந்ததும் சம்பளம் எவ்வளவு என்று கேட்கிறோம். காப்புறுதி என்ன என்று கேட்பதில்லை.

பார்த்து, அளந்து, கையெழுத்துப் போடுகிறவருக்கு என்ன ஆபத்து என்று நினைக்கலாம். ஆனால் வெல்டர் ஏறிய சாரத்தில்தான் பரிசோதகரும் ஏற வேண்டும். அவர் நுழைந்த தொட்டிக்குள் இவரும் நுழைய வேண்டும். ஆகவே உடம்புக்கு ஒரு பாதுகாப்பு, கையெழுத்துக்கு ஒரு பாதுகாப்பு என இரண்டு வேண்டும்.

முதலில் உடம்பு. நீங்கள் ஒரு நிறுவனத்தின் தொழிலாளி என்றால், 1969-ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டப்படி முதலாளி உங்களுக்குச் சொக்சோ சந்தா கட்ட வேண்டும். வேலையிட விபத்து, வேலைக்குப் போய்வரும் வழியில் நேரும் விபத்து, தொழில்சார் நோய் ஆகியவை அதில் அடங்கும். சம்பளச் சீட்டில் அந்தக் கழிவு இருக்கிறதா என்று முதல் மாதமே பாருங்கள்.

சிக்கல் எங்கே வருகிறது? ஆலையை நிறுத்திப் பழுதுபார்க்கும் ‘ஷட்டவுன்’ காலத்தில் புதியவர்களைக் குத்தகையாளர்கள் நாள் கூலிக்கு எடுக்கிறார்கள். என்னிடம் படித்த மாணவர் ஒருவர் அப்படிப் போய், சாரத்திலிருந்து வழுக்கிக் கணுக்காலை முறித்துக்கொண்டார். நான்கு மாதம் வருமானமில்லை. “நீ பில் கொடுத்துப் பணம் வாங்கியவன், எங்கள் தொழிலாளி அல்ல” என்று குத்தகையாளர் கைவிரித்துவிட்டார். தாள் எப்படி எழுதப்பட்டிருந்தாலும், ஒருவருடைய கட்டளைக்குக் கீழ்ப்பட்டு வேலை செய்தவர் சொக்சோ அலுவலகத்தில் முறையிடலாம். மெய்யாகவே சுயதொழில் செய்பவருக்கு 2017-ஆம் ஆண்டின் சுயதொழில் சமூகப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. முதலில் டாக்சி ஓட்டுநர்களுக்கு வந்த அத்திட்டம் 2020-இல் மற்றத் துறைகளுக்கும் விரிந்தது. விபத்துக்கு முன்பே பதிந்துகொள்ள வேண்டும்.

அதற்கு மேல் தனியார் விபத்துக் காப்புறுதி எடுப்போர், மனுவில் தொழிலை உள்ளபடி எழுதுங்கள். சந்தா குறையுமென்று ‘அலுவலக ஊழியர்’ என்று எழுதினால், இழப்பீடு கேட்கும் நாளில் அதுவே எதிராக நிற்கும். கண்ணுக்குத் தனிக் கவனம் வேண்டும். சிஎஸ்விப் சான்றிதழை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப் பார்வைச் சோதனை உண்டு. ஒரு கண்ணின் பார்வை போனால் எவ்வளவு கிடைக்கும் என்று முகவரிடம் கேளுங்கள்.

அடுத்தது கையெழுத்து. நீங்கள் சரி என்று ஒப்பமிட்ட பற்றவைப்பு பின்னாளில் விரிசல் கண்டால், நஷ்டஈடு கேட்டு வழக்கு வரலாம். இதற்குத்தான் தொழில்சார் பொறுப்புக் காப்புறுதி. நிறுவன ஊழியர் உடனே ஓடிப்போய் இதை வாங்க வேண்டாம். நிறுவனத்தின் பத்திரம் தம் கையெழுத்தையும் காக்கிறதா என்று எழுத்து மூலம் கேட்டால் போதும். சொந்தமாக ஒப்பந்தம் எடுப்பவர் தாமே வாங்க வேண்டும். ஒன்றை மறவாதீர்கள்: இவ்வகைப் பத்திரம் பொதுவாக, வேலை செய்த நாளில் இருந்தால் போதாது, வழக்கு வரும் நாளிலும் உயிரோடு இருக்க வேண்டும். இடையில் நிறுத்தினால் பழைய கையெழுத்துகள் அநாதையாகிவிடும்.

கடைசியாக, வாரிசு நியமனம். ஆயுள், விபத்துப் பத்திரங்களில் மணமாகாத பிள்ளை தாய் தந்தையை நியமித்தால் பணம் அவர்களுக்கே உரியதாகும். அண்ணன் தம்பியை நியமித்தால், 2013-ஆம் ஆண்டு நிதிச் சேவைச் சட்டப்படி அவர் பணத்தைப் பெற்றுப் பங்கிடும் நிர்வாகி மட்டுமே. திருமணமானதும் நியமனத்தை மறுபடி பாருங்கள்.

பெற்றோர்களே, பிள்ளை வேலை ஒப்பந்தத்தோடு வீட்டுக்கு வரும்போது, சம்பளத் தொகைக்கு முன்னால் இதைக் கேளுங்கள்: “நீ விழுந்தால் யார் பணம் கட்டுவார்கள்?” பதில் தெளிவாக வராவிட்டால், கையெழுத்தை ஒரு நாள் தள்ளிப்போடச் சொல்லுங்கள்.