ஆசிரியர் குடிபோன தெரு: இளம் போன்ஹோபரும் பெருநகர வாழ்வும்

ஜெர்மானிய இறையியலாளர் டீட்ரிச் போன்ஹோபர் ஹிட்லரின் ஆட்சியை எதிர்த்து உயிர் கொடுத்தவர். 1945ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் தேதி ஃபிளாசன்பர்க் வதைமுகாமில் தூக்கிலிடப்பட்டபோது அவருக்கு வயது 39. உலகம் அவரைத் தியாகியாக அறியும். அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, 22 வயதுக்கும் 27 வயதுக்கும் இடைப்பட்ட காலத்தில், பார்சலோனா, நியூயார்க், பெர்லின் ஆகிய மூன்று பெருநகரங்களில் அவர் பிள்ளைகளுக்கு வேதபாடம் சொல்லிக்கொடுத்தார். விசுவாசம் என்றால் என்ன, நெரிசலும் வறுமையும் நிறைந்த நகரத்தில் அதை எப்படி வாழ்ந்து காட்டுவது என்ற கேள்விகளுக்கு அவர் கண்ட விடைகள் அந்த வகுப்புகளில்தான் முளைவிட்டன.

போன்ஹோபர் 1906ஆம் ஆண்டு பிப்ரவரி 4ஆம் தேதி பிரெஸ்லாவ் நகரில், இரட்டைக் குழந்தைகளில் ஒருவராகப் பிறந்தார். அந்நகரம் இன்று போலந்து நாட்டில் இருக்கிறது. தந்தை கார்ல் போன்ஹோபர் பெயர்பெற்ற மனநல மருத்துவர். 1912இல் அவருக்குப் பெர்லினில் பேராசிரியர் பதவி கிடைத்ததால் குடும்பம் அங்கே குடியேறியது. பேராசிரியர்களும் உயர் அதிகாரிகளும் வாழ்ந்த குரூனவால்ட் பகுதியில், தோட்டம் சூழ்ந்த பெரிய வீட்டில் எட்டுப் பிள்ளைகள் வளர்ந்தார்கள். ஆசிரியப் பயிற்சி பெற்ற தாய் பாவ்லா அவர்களுக்கு வீட்டிலேயே தொடக்கக் கல்வி கொடுத்தார். 1918இல் மூத்த சகோதரர்களில் ஒருவரான வால்டர் போரில் இறந்தார். அந்தத் துக்கம் வீட்டைப் பல காலம் விட்டு நீங்கவில்லை. இளம் வயதிலேயே இறையியல் படிக்க முடிவெடுத்த போன்ஹோபர், 21ஆம் வயதில் பெர்லின் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வை முடித்தார். திருச்சபை என்பது ஒரு நிறுவனம் மட்டுமல்ல, கிறிஸ்து மனிதர்களின் கூட்டுவாழ்வாகவே உலகில் இருக்கிறார் என்பது ஆய்வின் மையக் கருத்து. தொழிலாளி மக்களிடமிருந்து திருச்சபை விலகிப்போனதைப் பற்றியும் அதில் எழுதியிருந்தார். ஆனால் அந்த மக்கள் வாழும் தெருக்களில் அவர் அதுவரை வாழ்ந்ததில்லை.

1928ஆம் ஆண்டு தொடக்கத்தில் அவர் பார்சலோனாவில் இருந்த ஜெர்மானியர் சபைக்கு உதவிப் போதகராகச் சென்றார். சபையார் பெரும்பாலும் வணிகர்கள். ஆலயத்துக்கு வருவோர் குறைவு. சிறுவர்களுக்கு அவர் ஆரம்பித்த ஞாயிறு ஆராதனைக்கு முதல் வாரம் ஒரே ஒரு சிறுமி வந்தாள். போன்ஹோபர் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளையும் பெற்றோரையும் பார்த்துப் பேசினார். அடுத்த வாரம் 15 பேர் வந்தார்கள். பிறகு வருகை முப்பதை எட்டியது. பாடம் நடத்துவதற்கு முன் பிள்ளையின் வீட்டை அறிந்துகொள்ள வேண்டும் என்ற பழக்கம் அவரிடம் இங்கேயே தொடங்கியது.

அதே ஊரில் ஜெர்மானியர் உதவிச் சங்கத்தின் வேலையும் அவரிடம் வந்தது. வேலை இழந்தவர்கள், ஊர் ஊராகத் திரிந்தவர்கள், சர்க்கஸ் கலைஞர்கள், சட்டத்துக்குப் பயந்து ஓடிவந்தவர்கள் எனப் பலரும் உதவி கேட்டு வந்து நின்றார்கள். பக்தி வேடம் எதுவுமில்லாமல் மனிதர்களை அவர்கள் இருக்கிறபடியே முதன்முறையாகப் பார்ப்பதாக அவர் தம் கடிதம் ஒன்றில் தெரிவித்தார். ஆலயத்துக்குள் தமக்குப் பழக்கமான கூட்டத்தைவிட இவர்களே கடவுளின் கிருபைக்கு அருகில் இருப்பதாக அவருக்குப் பட்டது.

சிறுவன் ஒருவன் அவரிடம் அழுதுகொண்டு வந்ததையும் அவருடைய கடிதம் ஒன்று விவரிக்கிறது. சிறுவனுக்கு வயது பத்து. அவன் வளர்த்த நாய் இறந்துவிட்டது. நாயின் குறும்புகளை ஒவ்வொன்றாகச் சொல்லி அழுத பிறகு, பரலோகத்தில் அதை மறுபடி பார்ப்போமா என்று கேட்டான். அந்தக் கேள்விக்கு முன்னால் தம் படிப்பெல்லாம் சிறியதாகிவிட்டதைப் போன்ஹோபர் உணர்ந்தார். மனிதர்களைப் போலவே விலங்குகளையும் கடவுள்தான் படைத்தார், அவற்றையும் நேசிக்கிறார், அன்பு வைத்தவர்கள் கடவுளிடத்தில் சேர்ந்தே இருப்பார்கள் என்று சொல்லி அவனைத் தேற்றினார். குழந்தையின் துக்கத்தைச் சின்ன விஷயம் என்று ஒதுக்காமல் முழுமையாக ஏற்றுக்கொண்டதே அவர் சொன்ன பதிலின் சிறப்பு.

1930ஆம் ஆண்டு செப்டம்பரில் போன்ஹோபர் உதவித்தொகை பெற்று நியூயார்க்கின் யூனியன் இறையியல் கல்லூரிக்குச் சென்றார். பங்குச்சந்தை வீழ்ச்சியடைந்து ஏறக்குறைய ஓராண்டு ஆகியிருந்தது. வேலையில்லாதோர் இலவச உணவுக்காகத் தெருவில் வரிசை பிடித்து நின்றார்கள். கல்லூரிக்கு அருகே, செல்வந்தர் ராக்ஃபெல்லரின் பணத்தில் எழும்பிய ரிவர்சைடு ஆலயம் அந்த ஆண்டுதான் திறக்கப்பட்டது. நகரின் புகழ்பெற்ற ஆலயங்களில் எல்லாவற்றைப் பற்றியும் பிரசங்கம் கேட்க முடிந்தது. ஆனால் சிலுவையையும் பாவத்தையும் மன்னிப்பையும் பற்றிக் கேட்பது அரிதாக இருந்தது என்று அவர் வருந்தினார்.

உடன் படித்த கறுப்பின மாணவர் ஃபிராங்க் ஃபிஷர் அவரை ஹார்லெமுக்கு அழைத்துப்போனார். தென் மாநிலங்களின் இனக் கொடுமையிலிருந்து தப்பிப் பிழைப்புத் தேடி வந்த கறுப்பின மக்கள் நெருங்கி வாழ்ந்த பகுதி அது. 138ஆவது தெருவிலிருந்த அபிசீனியன் பாப்டிஸ்ட் ஆலயத்தின் போதகர் ஆடம் கிளேட்டன் பவல் ஆராதனையோடு நிற்காமல், பசித்தவர்களுக்கு இலவச உணவுக்கும் ஏற்பாடு செய்திருந்தார். அங்கே போன்ஹோபர் சிறுவர்களுக்கு ஞாயிறு பள்ளி ஆசிரியரானார். பெண்களுக்கு வேதபாட வகுப்பு எடுத்தார். மாணவர்களின் வீடுகளுக்குப் போனார், கறுப்பின எழுத்தாளர்களின் நூல்களைத் தேடிப் படித்தார், அவர்களுடைய ஆன்மிகப் பாடல்களின் இசைத்தட்டுகளைச் சேகரித்தார். சுவிசேஷம் உயிரோடு ஒலித்ததை இந்த மக்களிடையேதான் கேட்டதாக அவர் பதிவு செய்திருக்கிறார். ஒருமுறை ஓர் உணவகத்தில் மற்றவர்களுக்குக் கிடைத்த உபசரிப்பு ஃபிஷருக்கு மறுக்கப்பட்டபோது, போன்ஹோபரும் எழுந்து வெளியேறினார். அதே கல்லூரியில் நண்பரான பிரெஞ்சுக்காரர் ஜான் லாசேர், இயேசுவின் மலைப்பிரசங்கத்தை அழகான இலட்சியம் என்று ஒதுக்கிவைக்காமல் அன்றாடம் கீழ்ப்படிய வேண்டிய கட்டளையாகப் பார்க்கும்படி அவரைத் தூண்டினார்.

1931ஆம் ஆண்டு அவர் பெர்லினுக்குத் திரும்பி, பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளரானார். நவம்பர் 15ஆம் தேதி குருத்துவ அபிஷேகம் பெற்றார். அதே மாதம் சபை அவரிடம் கடினமான ஒரு வேலையை ஒப்படைத்தது. பெர்லினின் வடபகுதியில் உள்ள சீயோன் ஆலயத்தில் சுமார் ஐம்பது பையன்களுக்குத் திடப்படுத்தல் வகுப்பு, அதாவது தங்கள் விசுவாசத்தைச் சபைமுன் உறுதிசெய்யும் சடங்குக்கான வகுப்பு, எடுக்க வேண்டும். முந்தைய ஆசிரியரான முதிய போதகரால் வகுப்பை அடக்க முடியவில்லை. புதிய ஆசிரியரோடு அவர் படியேறி வந்தபோது, மேலே கைப்பிடிச் சுவரோரம் நின்ற பையன்கள் கையில் கிடைத்ததையெல்லாம் அவர்கள் தலையில் போட்டார்கள். வகுப்பறைக்குள் நுழைந்ததும் புதிய ஆசிரியரின் பெயரைச் சுருக்கி, ‘போன், போன்’ என்று ஓயாமல் கூச்சலிட்டார்கள். போன்ஹோபர் அதட்டவில்லை. சுவரில் சாய்ந்து பேசாமல் நின்றார். பிறகு முன்வரிசைக்கு மட்டும் கேட்கும் மெல்லிய குரலில் ஹார்லெம் பிள்ளைகளின் கதையைச் சொல்லத் தொடங்கினார். பின்வரிசையும் காதைத் தீட்டிக்கொண்டது. கவனமாக இருந்தால் அடுத்த முறை மீதிக் கதை உண்டு என்று சொல்லி முடித்தார். அதன்பின் அந்த வகுப்பில் அடங்காமை இல்லை.

அந்தப் பையன்கள் வளர்ந்த இடத்தைப் பெர்லின்வாசிகள் வாடகைக் கொட்டடிகள் என்றார்கள். முன்கட்டுக்குப் பின்னால் முற்றம், அதற்குப் பின்னால் இன்னொரு கட்டடம், மறுபடியும் முற்றம் என உள்ளே போகப்போக வெளிச்சம் குறையும். ஓர் அறையும் சமையலறையுமே பல குடும்பங்களுக்கு வீடு. வாடகை கட்ட முடியாமல் இரவில் படுக்க மட்டும் இடம் தேடுவோரைச் சேர்த்துக்கொண்ட வீடுகளும் உண்டு. 1932ஆம் ஆண்டு தொடக்கத்தில் ஜெர்மனியில் வேலையில்லாதவர்கள் சுமார் 60 லட்சம் பேர். அருகிலிருந்த வெட்டிங் பகுதியிலும் நகரின் வேறு இடங்களிலும் 1929 மே மாதம் தொழிலாளர்களுக்கும் போலீசாருக்கும் நடந்த மோதலில் 30க்கு மேற்பட்டோர் இறந்திருந்தார்கள். கம்யூனிஸ்டுகளும் நாஜிகளும் இளைஞர்களைத் தங்கள் பக்கம் இழுக்கத் தெருவில் மோதிக்கொண்டார்கள்.

போன்ஹோபர் குரூனவால்ட் தோட்ட வீட்டை விட்டு, ஆலயத்துக்கு அருகே ஓடர்பெர்கர் தெருவில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துக் குடிபோனார். தாம் இல்லாத நேரத்திலும் பையன்கள் அறைக்குள் வந்து இருக்கலாம் என்று வீட்டுக்கார அம்மாவிடம் சொல்லிவைத்தார். மாலைகளில் அவர்கள் அங்கே சதுரங்கம் ஆடினார்கள், விருப்பமுள்ளவர்கள் ஆங்கிலம் படித்தார்கள். வார இறுதிகளில் நகருக்கு வெளியே இளைஞர் விடுதிகளுக்கு அழைத்துப்போனார். திடப்படுத்தல் நாளுக்கு நல்ல உடுப்பு வாங்கப் பலரது வீட்டில் வசதியில்லை. அவர் ஒரு பெரிய துணிச்சுருளை வாங்கி, ஆளுக்கு ஓர் உடுப்புக்கு வேண்டிய அளவு வெட்டிக் கொடுத்தார். எல்லோருக்கும் ஒரே துணி என்பதால் வசதியுள்ளவன், இல்லாதவன் என்ற பேதம் அன்று ஆலயத்தில் தெரியவில்லை.

பையன்களின் வீடுகளுக்குப் போவது எளிதாக இருக்கவில்லை. குடி, சண்டை, பட்டினி, நோய் ஆகியவற்றுக்கு நடுவே என்ன சொல்வதென்று தெரியாமல் திகைத்து நின்றதாகவும், இந்த வேலைக்குத் தம் இறையியல் படிப்பு சிறிதும் தயார்செய்யவில்லை, வேதியியல் படித்திருந்தாலும் இதே நிலைதான் என்றும் நண்பருக்கு எழுதினார். ஆனாலும் போவதை நிறுத்தவில்லை. 1932ஆம் ஆண்டு மார்ச் 13ஆம் தேதி திடப்படுத்தல் ஆராதனை நடந்தது. அன்றே ஜெர்மனியில் குடியரசுத் தலைவர் தேர்தல். ஹிட்லரும் ஒரு வேட்பாளர். யாக்கோபு கடவுளோடு இரவெல்லாம் போராடிய வேதப்பகுதியை எடுத்துக்கொண்டு போன்ஹோபர் பிரசங்கித்தார். வாழ்க்கை எளிதாக இருக்கும் என்று பையன்களிடம் பொய் நம்பிக்கை ஊட்டவில்லை. அவர்களுக்கும் கடவுள் ஒரு விடியலை வைத்திருக்கிறார், அந்த நம்பிக்கையை யாரும் பறித்துக்கொள்ள விடக்கூடாது என்றார்.

அந்த ஆண்டின் பிற்பகுதியில் சார்லட்டன்பர்க் பகுதியில் வேலையற்ற இளைஞர்களுக்காக ஒரு மன்றத்தை நண்பர்களோடு சேர்ந்து தொடங்கினார். நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் அதை மூட வேண்டியதாயிற்று. ஹிட்லர் பதவியேற்று இரண்டு நாள் கழித்து, 1933 பிப்ரவரி 1ஆம் தேதி, தலைமை என்பதைப் பற்றிப் பெர்லின் வானொலியில் போன்ஹோபர் உரையாற்றினார். தன்னையே தெய்வமாக்கிக்கொள்ளும் தலைவன் மக்களைத் தவறான பாதையில் கொண்டுபோவான் என்பது அவருடைய எச்சரிக்கை. உரை முடியுமுன்பே ஒலிபரப்பு துண்டிக்கப்பட்டது. அந்த ஏப்ரலில் எழுதிய கட்டுரையில், அரசின் கொடுமைக்கு ஆளானவர்கள் கிறிஸ்தவர்களாக இல்லாவிட்டாலும் அவர்களுக்கு உதவத் திருச்சபை கடமைப்பட்டிருக்கிறது என்று யூதர்களுக்காக வாதாடினார். ஹார்லெமில் நிறவெறியை நேரில் கண்டவருக்கு யூத வெறுப்பை அடையாளம் காண நாளாகவில்லை.

வன்முறையற்ற எதிர்ப்பைக் கற்க அவர் இந்தியாவுக்கு வரவும் விரும்பினார். 1934ஆம் ஆண்டு நவம்பரில் காந்தியடிகள் அவரைத் தம்மோடு வந்து தங்கும்படி கடிதம் எழுதினார். ஆனால் ஜெர்மனியில், அரசுக்கு அடிபணிய மறுத்த சபையினர் தொடங்கிய குருமடத்தை நடத்தும் பொறுப்பு வந்ததால் அந்தப் பயணம் நடக்கவில்லை. நாஜி ஆட்சியைத் தொடர்ந்து எதிர்த்த அவர் 1943 ஏப்ரலில் கைதாகி, வடபெர்லினின் டேகல் சிறையில் அடைக்கப்பட்டார். குண்டுவீச்சுகளுக்கு நடுவே உடன் கைதிகளுக்காக ஜெபங்கள் எழுதிக்கொடுத்தார்.

நகரங்களில் கற்றவற்றை அவருடைய பிற்கால எழுத்துகள் முறைப்படுத்துகின்றன. முதலாவது, பிறருக்குச் செய்யும் முதல் தொண்டு அவர்கள் சொல்வதைக் கேட்பது. 1939இல் வெளிவந்த கூட்டுவாழ்வு பற்றிய நூல் இதை வலியுறுத்துகிறது. இரண்டாவது, வரலாற்றை ஒடுக்கப்பட்டவர்களின் இடத்திலிருந்து, கீழிருந்து பார்க்கப் பழக வேண்டும். 1942ஆம் ஆண்டு இறுதியில் எழுதிய குறிப்பில் அவர் இதைத் தம் தலைமுறை பெற்ற மதிப்புமிக்க அனுபவம் என்கிறார். மூன்றாவது, கடவுளை மனிதனின் பலவீனத்திலும் மரணத்திலும் மட்டும் தேடக்கூடாது. வேலையும் உறவும் மகிழ்ச்சியும் நிறைந்த வாழ்வின் நடுவிலேயே அவர் இருக்கிறார். நான்காவது, பிறருக்காக இருக்கும்போதுதான் திருச்சபை திருச்சபையாகிறது. 1944இல் சிறையிலிருந்து எழுதிய நூல் திட்டத்தில், திருச்சபை தன் சொத்துகளை ஏழைகளுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்றுகூட எழுதினார்.

இவை எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றே. பெருநகரத்தில் ஒரே ஊர்க்காரர்கள் ஒருவரையொருவர் பார்க்காமலேயே வாழ்ந்துவிட முடியும். குரூனவால்டும் சீயோன் ஆலயத் தெருக்களும் ஒரே பெர்லினில்தான் இருந்தன. அந்த இடைவெளியைக் கடந்து போகாத விசுவாசம் முழுமை பெறாது என்பதே போன்ஹோபர் தம் வாழ்வால் சொன்ன பாடம். மாணவனின் வீட்டையும் அவன் படும் பாட்டையும் அறிந்துகொண்டு பாடம் சொல்லும் ஆசிரியர் எந்த மதத்தவரானாலும் எந்த நகரத்தில் இருந்தாலும் இந்தப் பாடம் அவருக்கும் உரியது.