பிரோடலின் கோடு



மருத்துவ ஆராய்ச்சியில் ஓவியரின் வேலை, ஆய்வாளர் கண்டு முடித்ததற்கு அழகு சேர்ப்பதே என்னும் எண்ணம் படித்தவர்களிடமும் வேரூன்றியிருக்கிறது. அதை மறுக்க மாக்ஸ் பிரோடல் ஒருவரின் பணியே போதும். ஜெர்மனியின் லைப்சிக் நகரில் 1870-இல் பிறந்து, அங்கேயே ஓவியம் பயின்ற அவர், 1894-இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரிலுள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனைக்கு வந்து, மகளிர் நோய் அறுவை மருத்துவர் ஹோவர்டு கெல்லியின் நூல்களுக்குப் படம் வரைந்தார்.

ஒளிப்படக் கருவி இருந்தும் ஓவியர் ஏன் தேவைப்பட்டார்? அறுவை மேசையில் எடுத்த ஒளிப்படத்தில் குருதியும் இடுக்கிகளும் கைகளும் முன்னே நிற்க, நரம்பு எது, நாளம் எது என்று பிரித்தறிய இயலாது. ஓவியரோ வேண்டாததை விலக்கி, மறைந்திருப்பதையும் வெளிக்கொணர்வார். எதை விலக்குவது என்று முடிவு செய்ய உடற்கூறு தெரிந்திருக்க வேண்டும் என்பதால், முழுதும் புரியாத எதையும் வரைவதில்லை என்பதைப் பிரோடல் விதியாகவே கொண்டிருந்தார். சுண்ணப் பூச்சுத் தாளில் கரித்தூளைத் தூரிகையால் தடவி நிழல் சேர்த்து, ஒளிபடும் இடங்களைக் கத்திமுனையால் சுரண்டும் அவரது முறையில், உயிருள்ள திசுவின் ஈரப் பளபளப்பு கூடத் தாளில் இறங்கியது.

அவ்விதியே அவரைச் சிறுநீரக ஆய்வுக்கு இட்டுச்சென்றது. கல்லை எடுக்கச் சிறுநீரகத்தைப் பிளக்கையில் பெருகும் குருதியே அக்கால மருத்துவர்களின் பேரச்சமாக இருந்தது. சிறுநீரக நாளங்களில் உறையும் குழம்பைச் செலுத்தி, சுற்றியுள்ள திசுவை அரித்து நீக்கி, எஞ்சிய வார்ப்புகளைப் பிரோடல் ஆராய்ந்தார். இதயத்திலிருந்து குருதியைக் கொண்டுவரும் தமனி அங்கே முன்கிளை, பின்கிளை எனப் பிரிகிறது; அவற்றின் நுண்கிளைகள் ஒன்றோடொன்று கலப்பதில்லை; இரண்டுக்கும் இடைப்பட்ட குருதி குறைந்த தளமோ உறுப்பின் நட்டநடுவில் இல்லாமல், வெளிவிளிம்புக்குச் சற்றுப் பின்னே அமைந்திருக்கிறது. வியன்னாவின் உடற்கூற்றியலாளர் ஹிர்ட்ல் இதை முன்பே சுட்டியிருந்தார் என்பது உண்மையே. எனினும் கத்தி எங்கே இறங்க வேண்டும் என்பதை மருத்துவர் கண்ணால் காணச் செய்தவை 1901-இல் வெளிவந்த பிரோடலின் படங்களே. மருத்துவர்களின் பெயர்களே மலிந்த உடற்கூற்று நூல்களில் ‘பிரோடல் கோடு’ என்று ஓர் ஓவியர் பெயர் ஏறியது அவ்வாறுதான். முதுகில் சிறு துளையிட்டுக் கல்லை அகற்றும் இன்றைய சிகிச்சையிலும், ஊசியின் பாதையை வகுக்கும்போது இத்தளம் கருத்தில் கொள்ளப்படுகிறது.

1911-இல் ஹென்றி வால்டர்ஸ் என்னும் செல்வரின் நிதியுதவியால், மருத்துவ ஓவியத்துக்கென உலகின் முதல் பல்கலைக்கழகத் துறை ஜான்ஸ் ஹாப்கின்ஸில் பிரோடலின் தலைமையில் தோன்றியது. அங்கே தூரிகைப் பயிற்சியோடு உடலை அறுத்துக் கற்பதும் ஓவிய மாணவர்களுக்குப் பாடமாயிற்று.