மேயரைத் தேர்ந்தெடுத்தவர் யார்?



செய்தித்தாள்களில் நாம் பலமுறை கண்ட தொடர் ஒன்றை இன்று எடுத்துக்கொள்வோம்: "சென்னை மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்." இத்தொடர் 1996இல் மு.க. ஸ்டாலினுக்குப் பொருந்தியது, 2022இல் ஆர். பிரியாவுக்கும் பொருந்தியது. ஆயினும், அவ்விரு ஆண்டுகளிலும் நிகழ்ந்தவை வேறு வேறு.

1973இல் கலைக்கப்பட்ட சென்னை மாநகராட்சி மன்றத்திற்கு 1996 வரை தேர்தலே இல்லை. தேர்தல் திரும்பியபோது, மேயருக்கென்றே வாக்காளர்கள் தனியாக வாக்களித்தனர். 2022இலோ அவர்கள் 200 வட்டங்களுக்கும் உறுப்பினர்களை மட்டுமே தேர்ந்தெடுத்தனர். மேயர் தேர்வு, மார்ச் 4ஆம் நாள் மன்றத்திற்குள்ளேயே, அதுவும் போட்டியின்றி, முடிந்தது. இடைப்பட்ட ஆண்டுகளிலும் முறை மாறி மாறியே வந்தது: 2001இலும் 2011இலும் நேரடித் தேர்தல், 2006இல் மறைமுகத் தேர்தல். இத்தனை மாற்றங்களுக்கும் நம் வாக்கியம் மட்டும் மாறவில்லை.

காரணம் வினையின் அமைப்பில் உள்ளது. "தேர்ந்தெடுத்தனர்" என்னும் செய்வினையில், எழுவாயைச் சொல்லாவிடினும், செய்தவர் பலர் என்பதை விகுதி காட்டிவிடும். "தேர்ந்தெடுக்கப்பட்டார்" என்பதிலோ விகுதி மேயரையே சுட்டுகிறது. தேர்ந்தெடுத்தவரைக் காட்ட "ஆல்" உருபேற்ற சொல் ஒன்று வேண்டும். மக்களாலா, மன்ற உறுப்பினர்களாலா? அச்சொல்லை விட்டாலும் வாக்கியத்தில் இலக்கணப் பிழை இல்லை. ஆகவே ஆசிரியரின் சிவப்பு மையும் அவ்விடத்தில் நிற்பதில்லை.

செயப்பாட்டுவினையே தமிழுக்கு ஆகாது என்பாரும் உளர். அது மிகை. மேயரைப் பற்றிய செய்தியில் மேயர் எழுவாயாக வருவது இயல்பே. வாக்காளர் காணாமற்போவதுதான் நம் கவலை.

நம் நாட்டு வரலாற்றுக்கு வருவோம். 1957இல் மாநகரத் தகுதி பெற்ற ஜார்ஜ்டவுனின் முதல் மேயர், தொழிலாளர் கட்சியைச் சேர்ந்த டி.எஸ். ராமநாதன், ஆசிரியராக இருந்தவர். மக்கள் மன்றத்திற்கு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்தனர். உறுப்பினர்கள் அவரைத் தேர்ந்தெடுத்தனர். இவ்வாறு இரண்டு செய்வினை வாக்கியங்களாக எழுதினால், மாணவருக்கு அத்தேர்தல் முறையே விளங்கிவிடும்.

இனி வேறு இரு வாக்கியங்கள். "1965இல் ஊராட்சி மன்றத் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன." "கோலாலம்பூரின் டத்தோ பண்டார் நியமிக்கப்படுகிறார்." இவற்றைச் செய்வினையாக மாற்றித் தருமாறு வகுப்பில் கேட்கலாம். முதல் வாக்கியத்தின் எழுவாய் அன்றைய மத்திய அரசாங்கம். இரண்டாவதன் எழுவாயை மாணவர்களே தேடட்டும்; அது வாக்காளர் அன்று.