மடை யார் கையில்?
(விளாங்குடிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கண்மாய் ஊருக்குப் பொது. மடையை மட்டும் ஒரு மிராசுதார் கையில் விடுவோமா? இன்று சங்கச் செய்தியும் கூலி வேலைச் சேதியும் கைபேசியில் வருகின்றன. அந்த மடையோ ஏகபோகக் கம்பெனிகளின் கையில்!

மின்சாரம் நின்றால் வாரியத்தைக் கேட்கிறோம். 2021 அக்டோபர் 4-ல் பேஸ்புக்கும் வாட்ஸப்பும் சுமார் ஆறு மணி நேரம் நின்றன. யாரிடம் போய்க் கேட்டோம்?

2015-ல் 'இலவச இணையம்' என்று பேஸ்புக் வலை விரித்தது. அது அனுமதித்த தளங்களுக்கு மட்டுமே இலவசம்! ஜனங்கள் லட்சக்கணக்கில் எதிர்த்தனர். 2016 பிப்ரவரி 8-ல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் பாரபட்சக் கட்டணத்தைத் தடுத்தது. போராடினால் பணிவார்கள்!

அது ஒரு வெற்றிதான், போதாது. இக்கம்பெனிகளைப் பொதுச் சேவையாக்கிச் சட்டம் செய்க! எல்லோருக்கும் ஒரே விதி. பார்லிமெண்டின் முன் கணக்கு. ஒட்டுக்கேட்கும் உரிமை கம்பெனிக்கும் வேண்டாம், சர்க்காருக்கும் வேண்டாம்.

மடை ஊர் கையில் வரட்டும்!